எந்தத் தத்துவம் உங்களுக்கு? இணைய குவிஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"நீங்கள் ஒரு ஸ்டோயிக்", "உங்களுக்கு நெருக்கமானவர் நீட்சே", "நீங்கள் ஒரு இருத்தலியல்வாதி" என்று பத்துப் பதினைந்து கேள்விகளுக்குள் முடிவு சொல்லிவிடுகிற குவிஸ்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. தத்துவத்தின் பக்கம் புதிதாக வருகிறவர்களில் பலர் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள், அதில் தவறே இல்லை. தடிமனான நூலைப் பார்த்து மிரண்டு திரும்புவதைவிட ஒரு குவிஸில் தொடங்குவது எவ்வளவோ மேல். ஆனால் வந்த முடிவை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு அத்தோடு பக்கத்தை மூடிவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. குவிஸில் உருப்படியான பகுதி, எந்தப் பதிலை அழுத்துவது என்று தெரியாமல் நீங்கள் விரலை நிறுத்திய அந்த ஒன்றிரண்டு கேள்விகள்தான். அவற்றை எப்படிப் பிடித்து வைப்பது, பிடித்த பிறகு அங்கிருந்து எங்கே போவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், எந்த வகை குவிஸ் என்று பாருங்கள்

எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே வேலை செய்யும் விதம் வேறு. பெரும்பாலானவை பெயர் ஒட்டுகிற ரகம்: ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தத்துவப் பள்ளியின் பெயரில் மதிப்பெண் ஏறும், கடைசியில் எது அதிகமோ அதுவே நீங்கள். இவற்றில் சில, செலக்ட்ஸ்மார்ட் தளத்தில் உள்ள அறவியல் குவிஸ் போல, ஒரே பெயரைச் சொல்லாமல் கான்ட், மில், அக்வினாஸ் என்று தத்துவவாதிகளின் பட்டியலையே சதவீதத்தோடு தரும். பட்டியல் தருவது கொஞ்சம் பரவாயில்லை, ஏனென்றால் முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு சின்னது என்பது கண்ணில் படும்.

இரண்டாவது ரகம் உங்களுக்குப் பெயரே வைக்காது, உங்கள் பதில்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று மட்டும் பார்க்கும். 'தி ஃபிலாசஃபர்ஸ் மேகசின்' என்ற பிரிட்டிஷ் இதழைத் தொடங்கிய ஜூலியன் பஜினியும் ஜெரமி ஸ்டாங்ரூமும் சேர்ந்து உருவாக்கிய 'பேட்டில்கிரவுண்ட் காட்' அப்படிப்பட்டது. கடவுள் உண்டா இல்லையா என்று அது தீர்ப்புச் சொல்லாது. முன்னால் ஒன்று சொல்லிவிட்டு ஐந்து கேள்வி தள்ளி அதற்கு நேர்மாறாகச் சொன்னால் 'அடி வாங்கிவிட்டீர்கள்' என்று காட்டும். உங்கள் கருத்து முரண்படாமல் இருந்தும் பலருக்கும் ஏற்க முடியாத ஒரு விளைவுக்கு உங்களைக் கொண்டுபோனால், அதையும் விழுங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லும். புதியவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்த ரகத்தைத்தான். தத்துவம் என்பது எந்த அணியில் சேர்வது என்பதல்ல, சொன்னதற்குப் பொறுப்பேற்பது என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் கற்றுக்கொடுக்க முடியாது.

மூன்றாவது, ஆராய்ச்சிக்காகச் செய்யப்பட்டவை. பலருக்கு அதிக நன்மை தருவதே சரியான செயல் என்னும் பயன்பாட்டுவாதத்தின் பக்கம் நீங்கள் எவ்வளவு சாய்கிறீர்கள் என்று பார்க்கும் ஆக்ஸ்போர்டு யூட்டிலிடேரியனிசம் ஸ்கேல் 2018-ல் வெளியானது, அதில் மொத்தமே 9 வாக்கியங்கள். ஆனால் அது இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக அளக்கிறது: உலகில் உள்ள எல்லோருடைய நலனையும் சமமாக மதிக்கிறீர்களா என்பது ஒன்று, பலருக்கு நன்மை வரும் என்றால் ஒருவருக்குத் தீங்கு செய்யத் தயாரா என்பது இன்னொன்று. ஒன்றில் உயர்ந்த மதிப்பெண் வாங்குகிறவர் மற்றதிலும் வாங்குவார் என்று எதிர்பார்க்க முடியாது. சாதாரண குவிஸ்கள் இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பயன்பாட்டுவாதி' என்று எழுதிவிடும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2016-ல் தொடங்கிய 'மாரல் மெஷின்' இன்னொன்று. ஓட்டுநர் இல்லாத கார் யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கும் அதற்கு 233 நாடுகளிலிருந்தும் ஆட்சிப் பகுதிகளிலிருந்தும் சுமார் 4 கோடி முடிவுகள் வந்தன.

தொடங்கும் முன் இரண்டு காரியம்

முதல் காரியம் பாதுகாப்பு. பேஸ்புக் கணக்கால் உள்ளே வரச் சொன்னால், மின்னஞ்சல் கேட்டால், நண்பர்கள் பட்டியலுக்கு அனுமதி கேட்டால், வேறு குவிஸைத் தேடுங்கள். கேம்பிரிட்ஜ் அனாலிடிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் 2018-ல் வெளிவந்தபோது தெரிந்தது இதுதான்: ஒரு ஆளுமை குவிஸ் செயலியைப் பயன்படுத்தியவர்கள் ஏறக்குறைய 2,70,000 பேர், ஆனால் அவர்களின் நண்பர்கள் வழியாக 8.7 கோடிப் பேர் வரையிலானவர்களின் விவரங்கள் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று பேஸ்புக்கே சொன்னது. அறம், மதம், அரசியல் பற்றி நீங்கள் சொல்லும் பதில்கள் பிறந்த தேதியைவிட அந்தரங்கமானவை. பெயர் கொடுக்காமல் எடுக்க முடிகிற நல்ல குவிஸ்கள் போதுமான அளவு இருக்கின்றன.

இரண்டாவது காரியத்தைப் பலர் செய்வதே இல்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. குவிஸைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டிரண்டு வரி எழுதுங்கள். கடைசியாக எப்போது பொய் சொன்னேன், அது சரி என்று இப்போதும் நினைக்கிறேனா, ஏன்? என்னென்ன இருந்தால் எனக்கு இந்த வாழ்க்கை போதும்? நான் உறுதியாக நம்பும் ஒரு விஷயத்தை எதை வைத்து நம்புகிறேன்? குவிஸ் நான்கு பதில்களைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது உங்கள் மனம் அந்த நான்குக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்துவிடும். உங்கள் உண்மையான பதில் ஐந்தாவதாக இருக்கலாம், அதைக் காப்பாற்றி வைக்கத்தான் இந்தத் தாள்.

பதில் சொல்லும்போது

அவசரப்படாதீர்கள். 'நான் இப்படிப்பட்டவன்' என்று நினைத்து அழுத்தாமல், இதே மாதிரி ஒரு சந்தர்ப்பம் நிஜமாக வந்தபோது என்ன செய்தீர்கள் என்று யோசித்து அழுத்துங்கள். 'பிறர் என்ன நினைப்பார்கள் என்று நான் கவலைப்படுவதில்லை' என்பதற்கு ஆம் என்று சொல்வது சுலபம், போன வாரம் அலுவலகத்தில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை ராத்திரி தூங்கவிடாமல் செய்ததா என்பதுதான் பதில். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் ஆசைப்படும் தத்துவமும் இப்போது வாழும் தத்துவமும் வேறு வேறாக இருப்பது மிகச் சாதாரணம், அந்த இடைவெளி தெரிந்தால்தான் எதைப் படிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு கேள்விகளை வைத்துக் கேட்பதைக் கவனியுங்கள். 'உணர்ச்சிகளை ஒதுக்கிவிட்டு அறிவின்படி நடப்பதே நல்லது' என்றால், அறிவின்படி நடப்பதை ஏற்கிற ஒருவர் உணர்ச்சிகளை ஒதுக்குவதை ஏற்காமல் இருக்கலாம். அவர் எதை அழுத்துவார்? இன்னொன்று, எதிரில் ஒரு வாக்கியம் நம்பிக்கையோடு நின்றால் தலையாட்டுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் எதிர்மறையாக்கிப் பாருங்கள். 'விதிகளை எப்போதும் மதிக்க வேண்டும்' என்பதற்கும் ஆமாம் போட்டு, 'சில நேரம் விதியை மீறுவதே சரி' என்பதற்கும் ஆமாம் போடத் தோன்றுகிறது என்றால், அந்தக் கேள்வியை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விரலை நிறுத்திய கேள்விகள் என்று தொடக்கத்தில் சொன்னது இவற்றைத்தான்.

டிராலி கேள்வி அநேகமாக வரும். தறிகெட்டு ஓடும் டிராம் ஐந்து பேர் மேல் ஏறப்போகிறது, திருப்பிவிட்டால் ஒருவர் சாவார், என்ன செய்வீர்கள்? இதன் மூலவடிவம் பிரிட்டிஷ் தத்துவவாதி ஃபிலிப்பா ஃபூட் 1967-ல் கருக்கலைப்பு விவாதத்தை ஒட்டி எழுதிய ஒரு கட்டுரையில் வந்தது. பின்னால் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் அதில் ஒரு பாலத்தைச் சேர்த்தார்: பக்கத்தில் நிற்கும் பருமனான ஒருவரைப் பாலத்திலிருந்து தள்ளினால்தான் டிராம் நிற்கும் என்றால்? ஒருவர் செத்து ஐவர் பிழைக்கும் கணக்கு இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் பதில் மாறிவிடுகிறது. தொழில்முறைத் தத்துவவாதிகளுக்கும் அப்படித்தான். டேவிட் போர்ஜே, டேவிட் சால்மர்ஸ் இருவரும் 2020-ல் நடத்திய பில்பேப்பர்ஸ் கணக்கெடுப்பில் 1,785 தத்துவவாதிகள் பங்கெடுத்தார்கள். டிராமைத் திருப்புவேன் என்ற பக்கம் சாய்ந்தவர்கள் சுமார் 63 சதவீதம், ஆளைத் தள்ளுவேன் என்ற பக்கம் சாய்ந்தவர்கள் சுமார் 22 சதவீதம். ஆக, உங்கள் குவிஸில் டிராலி கேள்வி ஒரே ஒரு வடிவத்தில் மட்டும் வந்து அதை வைத்தே உங்களைப் பயன்பாட்டுவாதி என்று தீர்மானித்தால் அந்தத் தீர்மானத்துக்கு மதிப்பில்லை.

முடிவு வந்ததும்

உடனே நம்பாதீர்கள். முதலில் மற்ற முடிவுகளைப் படியுங்கள். பல குவிஸ்களில் எல்லா விளக்கங்களும் ஒரே பக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் பதில்களை மாற்றி மறுபடி எடுத்து வரவழையுங்கள். உங்களுக்கு வராத மூன்று விளக்கங்களைப் படித்துவிட்டு, 'இதுவும் நான்தான்' என்று தோன்றுகிறதா என்று பாருங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948-ல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைச் சோதனை வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது என்று சொல்லி ஒரு விளக்கம் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. ஆனால் அவர் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே விளக்கம், அதன் வரிகளையும் கடைத்தெருவில் விற்கும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்துதான் எடுத்திருந்தார். 'வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கேள்விகள் உண்டு', 'சுதந்திரத்தை விரும்புகிறீர்கள், ஆனால் உறவுகளையும் மதிக்கிறீர்கள்' மாதிரியான வரிகள் உங்கள் முடிவில் இருந்தால் அவற்றைப் பென்சிலால் அடித்துவிட்டு மீதி என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பள்ளியை வேறொரு பள்ளியிலிருந்து பிரித்துக் காட்டும் வரி ஒன்றாவது மிஞ்ச வேண்டும்.

அடுத்து, ஒரே ஒரு பதிலை மட்டும் மாற்றி மறுபடி எடுங்கள். ஒரு பதிலில் ஸ்டோயிக் போய் எபிகியூரியன் வந்தால் அந்தப் பதில்தான் உங்களுக்கு முடிவு எழுதியிருக்கிறது. அதையும் தாளில் சேருங்கள்.

குவிஸ் சொல்வதும் அந்தப் பள்ளி சொல்வதும்

குவிஸ் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பள்ளியையும் ஒரு முகபாவமாகச் சுருக்கிவிடுகிறார்கள், அதனால் பெயர் சரியாக வந்தால்கூட நீங்கள் தப்பான ஆளைத் தேடிப் போக வாய்ப்பிருக்கிறது. புதியவர்கள் இந்த இடத்தில்தான் மெதுவாகப் போக வேண்டும்.

ஸ்டோயிக் என்று வந்தால், எதற்கும் கலங்காத கல் மாதிரி மனிதர் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏதென்ஸில் கி.மு. 300 வாக்கில் ஜீனோ தொடங்கிய இந்தப் பள்ளி மகிழ்ச்சி, எச்சரிக்கை, நல்லதை விரும்புதல் என்று மூன்று நல்ல உணர்ச்சிகளைப் பெயர் சொல்லியே ஏற்றுக்கொண்டது. தப்பான மதிப்பீட்டிலிருந்து பிறக்கும் கோபம், பயம் போன்றவற்றைத்தான் எதிர்த்தது. அடிமையாகப் பிறந்த எபிக்டெட்டஸும் ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸும் ஒரே பள்ளியில் இடம் பிடித்திருக்கிறார்கள், இருவருமே மற்றவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமையைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள். 'யாரும் எனக்குத் தேவையில்லை' என்ற பதிலால் உங்களுக்கு ஸ்டோயிக் வந்திருந்தால் அது குவிஸின் பிழை.

எபிகியூரியன் என்றால் சாப்பாட்டுப் பிரியர், சுகவாசி என்று பல குவிஸ்கள் எழுதுகின்றன. எபிகியூரஸ் மெனோசியஸுக்கு எழுதிய கடிதத்தில் இதை நேரடியாகவே மறுக்கிறார்: தான் சொல்லும் இன்பம் குடியும் விருந்தும் அல்ல, உடலில் வலியும் மனதில் கலக்கமும் இல்லாமல் இருப்பதே என்கிறார். நண்பர் ஒருவரிடம் அவர் கேட்டு வாங்கிய ஆடம்பரம், நினைத்தபோது விருந்து வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பானை பாலாடைக்கட்டி. 'தோட்டம்' என்று அழைக்கப்பட்ட அவருடைய பள்ளியில் பெண்களும் அடிமைகளும்கூட மாணவர்களாக இருந்தார்கள், எல்லோரும் அரசியலிலிருந்து விலகி வாழ்ந்தார்கள். இந்தக் கணத்து இன்பமே பெரிது என்று நீங்கள் உண்மையிலேயே நினைத்தால் உங்களுக்குப் பொருத்தம் அரிஸ்டிப்பஸின் சிரீனிய மரபு, அது எந்தக் குவிஸிலும் வந்து நான் பார்த்ததில்லை.

'வாழ்க்கைக்கு அர்த்தம் இல்லை' என்பதற்கு ஆம் என்று அழுத்தினால் நிகிலிஸ்ட், அதாவது எதற்கும் பொருளோ மதிப்போ இல்லை என்பவர் என்று வரும், பக்கத்தில் நீட்சேயின் மீசை. நீட்சே நிகிலிசத்தை ஐரோப்பாவைப் பிடிக்கப்போகும் நோயாகப் பார்த்தார், அதைத் தாண்டும் வழியைத்தான் தேடினார். அதே வாக்கியத்திலிருந்து புறப்பட்டு சார்த்தர் ஓரிடத்துக்குப் போகிறார், தன்னை இருத்தலியல்வாதி என்று அழைப்பதை மறுத்த காம்யு வேறிடத்துக்குப் போகிறார், சிமோன் தி பொவார் மற்றவர்களின் விடுதலை இல்லாமல் என் விடுதலைக்குப் பொருளில்லை என்ற இடத்துக்கு வருகிறார். இருத்தலியல், அதாவது மனிதன் தன் தேர்வுகளால்தான் தன்னை உருவாக்கிக்கொள்கிறான் என்ற பள்ளி, முடிவாக வந்தவர்கள் சார்த்தர் 1945 அக்டோபரில் பாரிஸில் ஆற்றிய உரையில் வரும் மாணவனைச் சந்திக்க வேண்டும். அண்ணன் போரில் செத்துவிட்டான், அம்மாவுக்கு இவன் மட்டும்தான், இவனோ இங்கிலாந்து போய் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர நினைக்கிறான். கிறிஸ்தவ அறமும் கான்ட்டின் விதியும் இரண்டில் எது என்று அவனுக்குச் சொல்லவில்லை. நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு என்கிறார் சார்த்தர். எந்தக் குவிஸும் இந்த மாணவனுக்கு உதவியிருக்காது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பயன்பாட்டுவாதி என்றால் மனசாட்சி இல்லாத கணக்குப்பிள்ளை என்ற தொனி இருக்கும். விலங்குகளால் பேச முடியுமா என்பது கேள்வியல்ல, அவற்றால் வலியை உணர முடியுமா என்பதே கேள்வி என்று 1789-லேயே எழுதியவர் பெந்தம். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1867-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தவர் மில். கான்ட் என்று வந்தால், சட்டத்துக்கு அடங்கி நடப்பவர் என்று குவிஸ் சொல்லும். கான்ட்டின் விதி வெளியிலிருந்து வருவதல்ல, உங்கள் அறிவு உங்களுக்கே இட்டுக்கொள்வது, அதனால் 'பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும்' என்று அழுத்தி அவரிடம் போக முடியாது. கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் அவர் எழுதியதைப் படித்துவிட்டு உங்கள் தாளில் உள்ள பொய்யைத் திரும்பப் பாருங்கள், அவரோடு எவ்வளவு தூரம் போக முடியும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சதவீதம் சிதறி வந்தால் கவலை வேண்டாம். மேலே சொன்ன பில்பேப்பர்ஸ் கணக்கெடுப்பில் அறவியல் பள்ளிகளில் நல்ல குணத்தை முன்வைக்கும் நற்பண்புக் கோட்பாட்டுக்குச் சுமார் 37, கடமையை முன்வைக்கும் கடமை அறத்துக்கு 32, செயலின் விளைவை வைத்தே சரி தவறு பார்க்கும் விளைவுவாதத்துக்கு 31 சதவீதம் ஆதரவு கிடைத்தது, ஒன்றுக்கு மேற்பட்டதைத் தேர்ந்தெடுக்கவும் அனுமதி இருந்தது. வாழ்நாள் முழுக்க இதையே படித்தவர்கள் இப்படிப் பிரிந்து நிற்கிறார்கள்.

பட்டியலில் இல்லாத பள்ளிகள்

ஆங்கில குவிஸ்களில் கிரேக்கம், ரோம், ஐரோப்பா, அவ்வளவுதான். எப்போதாவது பௌத்தமோ கன்பூசியஸோ எட்டிப்பார்க்கும். சாங்கியம், நியாயம், ஆசீவகம், உலகாயதம் போன்ற இந்தியப் பள்ளிகள் எதுவும் இருக்காது. தமிழில் படிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. மணிமேகலையின் 27-வது காதையில் அவள் வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிப் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர், வைசேடிகர் என்று வரிசையாகப் பதில் வருகிறது. கண்ணால் காண்பது தவிர வேறு எதையும் ஏற்காத பூதவாதியிடம் மட்டும் அவள் திருப்பிக் கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? காவியம் பௌத்தத்தின் பக்கம் நின்று பேசுவது உண்மைதான், மற்றவர்களுக்கு அது நியாயம் செய்ததா என்று விவாதிக்கலாம், ஆனாலும் ஒரு பள்ளியை அணுகும் முறை இதுதான் என்று நினைக்கிறேன், முழுதாகக் கேட்டுவிட்டு இடறுகிற இடத்தில் ஒரு கேள்வி.

அதன் பிறகு என்ன படிப்பது

சின்னதாக ஒன்று. ஸ்டோயிக் வந்தவர்கள் எபிக்டெட்டஸின் கையேட்டில் முதல் அத்தியாயம், நம் கையில் இருப்பவை எவை, இல்லாதவை எவை என்பது. மார்கஸ் அரேலியஸைத் தமிழில் தொட விரும்பினால் ராஜாஜியின் 'ஆத்ம சிந்தனை' இருக்கிறது. எபிகியூரியன்களுக்கு மேலே சொன்ன கடிதம், சில பக்கங்கள்தான். இருத்தலியலுக்கு சார்த்தரின் அந்த உரை, பயன்பாட்டுவாதத்துக்கு மில்லின் 'யூட்டிலிடேரியனிசம்' நூலில் இரண்டாம் அத்தியாயம். கான்ட்டை நேரடியாக எடுக்காதீர்கள், மலைத்துப் போவீர்கள். ஸ்டான்போர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் 1995 முதல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது, அதில் அவருடைய அறவியல் பற்றிய கட்டுரையை முதலில் படியுங்கள்.

படித்ததை ஒரு வாரம் நடைமுறையில் வைத்துப் பாருங்கள். இதற்கு நல்ல முன்மாதிரி ஸ்டோயிக் வாரம், 2012-ல் எக்சிடர் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது: பங்கெடுப்பவர்கள் தினமும் ஒரு பகுதியைப் படித்து ஒரு பயிற்சியைச் செய்கிறார்கள், வாரத்துக்கு முன்னும் பின்னும் கேள்வித்தாள் நிரப்புகிறார்கள். மற்ற பள்ளிகளுக்கு நீங்களே வகுத்துக்கொள்ளலாம். எபிகியூரஸுக்கு, வாங்க நினைத்த ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இது இயல்பான தேவையா, இல்லாமல் முடியாததா என்று எழுதுவது. ஐயவாதத்துக்கு, நீங்கள் உறுதியாகச் சொல்லும் ஒரு கருத்துக்கு எதிர்த் தரப்பை அதே பலத்தோடு எழுதிப் பார்ப்பது, பழங்கால ஐயவாதியான செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் சொல்லும் முறை அதுதான்.

முடிந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே குவிஸை எடுங்கள். உட்கார்ந்து பேசும்போது யாருக்கு என்ன முடிவு வந்தது என்பதை முதல் அரை மணி நேரம் சொல்ல வேண்டாம். ஆளுக்கு ஒரு கேள்வி, எங்கே விரல் நின்றதோ அந்தக் கேள்வி, அதையும் ஏன் நின்றது என்பதையும் மட்டும் சொல்லுங்கள். ஒரே பதிலை அழுத்திய இருவர் வேறு வேறு காரணம் சொல்வார்கள், அப்போது குவிஸை மூடிவிட்டு அந்தக் காரணங்களைப் பேசுங்கள். அடுத்த வாரம் என்ன படிப்பது என்பதை அந்தப் பேச்சிலிருந்து எடுங்கள், முடிவுப் பக்கத்திலிருந்து வேண்டாம்.